கிருமி டாக்டரின் செயல்விளக்கம்

"மனித குலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மன்னர்கள் அல்லர், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே! பேரரசுகளைச் சாய்த்தவை வாள்கள் அல்ல. மனிதனின் அலட்சியமான கைகளே!"

இப்படி முழங்கிவிட்டு, தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவின் தலைமை மருத்துவர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு உரையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மருத்துவமனையில் அவருக்குக் கிருமி டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அதற்குத்தான் முதுகு இருக்கிறதே. இப்போது அவர் முழங்கியது மேடையில் அல்ல, வீட்டில், சாப்பாட்டு மேசை முன்னால். அவையோர் இருவர்: மனைவியும் மனைவியின் தம்பியும். தம்பி அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அக்காள் கணவரின் சிபாரிசில் உள்ளே நுழைந்தவன் என்பதால், உரை எத்தனை முறை நடந்தாலும் உட்கார்ந்து கேட்கக் கடமைப்பட்டவன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"வாள்னு வர்ற இடத்துல கையை வீசாதீங்க. ஜக்கு கவுந்துடும்," என்றாள் மனைவி.

"பேரரசுன்னு சொன்னப்போ எனக்குப் புல்லரிச்சுது அத்தான்," என்றான் மச்சான். "முந்தின ரெண்டு தடவையும்கூட அதே இடத்துலதான் அரிச்சுது."

டாக்டருக்கு இந்த உரை விளையாட்டில்லை. அக்கம்பக்கத்து நகரங்களில் சில மாதங்களாக ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. மருத்துவப் பெயர் நீளமானது. ஜனங்கள் பெரிய காய்ச்சல் என்றார்கள். படுத்தவர்களில் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. தொட்டால் ஒட்டும். நோயாளி தொட்ட இடத்தை நாம் தொட்டு, அந்தக் கையால் கண்ணையோ மூக்கையோ தொட்டால் முடிந்தது கதை. அது இங்கே வருவதற்குள் பத்து மாடியில் தனிமைச் சிகிச்சை மருத்துவமனை ஒன்று கட்டுவதென்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அதற்கு ஓர் இயக்குநர் வேண்டும். மறுநாள் தேர்வுக் குழு வருகிறது. குழுத் தலைவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "நோய் எப்படிப் பரவுதுன்னு ஒரு நல்ல செயல்விளக்கம் காட்டிடுங்க டாக்டர். அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

இயக்குநர் பங்களாவின் ஜன்னல்களை மனைவி ஏற்கெனவே அளந்து வந்துவிட்டாள்.

"பதவி இன்னும் வரலக்கா. அதுக்குள்ள திரைச்சீலை வந்துடுச்சு," என்றான் தம்பி.

"வாயை மூடுடா. அப்புறம் நல்ல கலரெல்லாம் தீந்துடும்."

இந்தப் பாதையில் ஒரே ஒரு முள்தான் இருந்தது: பெரிய சிஸ்டர். செவிலியர்களுக்கெல்லாம் தலைவி. போன கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "டாக்டர்ங்கதான் ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குக் கை சுத்தம் பண்ணாமப் போறாங்க," என்று சொல்லிவிட்டார். "ஆதாரம் இருக்கா சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "கண்ணு இருக்கு," என்றார். அன்றிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைய செயல்விளக்கத்தின் உண்மையான நோக்கம் இதுதான்: நோயைப் பரப்புகிறவர்கள் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களுமே என்பதைக் குழுவின் கண் முன்னால் நிரூபிப்பது. ஒரே கல்லில் பதவியும் பழியும்.

கருவி எளிமையானது. ஆய்வகத்தில் ஒரு டப்பா பொடி இருந்தது. தடவினால் கண்ணுக்குத் தெரியாது. விளக்குகளை அணைத்துவிட்டு ஊதா ஒளி வீசும் கைவிளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். நோயாளியின் கட்டில் கம்பியில் காலையில் பூசிவிட வேண்டியது. மதியம் விளக்கைப் பிடித்தால், யார் கையில் ஏறி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். விஷயம் டாக்டருக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் காலை, வார்டில் ஓரமாக இருந்த கட்டிலில் நோயாளியாக நடிக்க ஒரு வார்டு உதவியாளரைப் படுக்க வைத்தார்கள். இத்தனை வருடம் அடுத்தவருக்கே படுக்கை விரித்துப் போட்ட மனிதர். தலையணையில் தலை பட்டதும் முனகத் தொடங்கினார். ஐந்தாவது முனகலில் குறட்டை கலந்தது.

டாக்டர் டப்பாவைத் திறந்தார். மச்சான் கையுறையை நீட்டினான்.

"எதுக்கு?"

"போட்டுக்கங்க அத்தான். ஒட்டிக்கும்."

டாக்டர் சிரித்தார். பேராசிரியர்கள் முதலாமாண்டு மாணவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "மச்சான், கையுறை எதுக்குப் போடறோம்? கிருமிக்காக. இதுல கிருமி இருக்கா? இது வெறும் பொடி. கிருமிக்கும் பொடிக்கும் வித்தியாசம் தெரியாதவனையா உங்கக்கா கட்டியிருக்கா?"

அக்காள் யாரைக் கட்டியிருக்கிறாள் என்ற கேள்விக்கு விடை சொல்வது ஆய்வகப் பணியாளனின் வேலையில்லை. அவன் கையுறையைப் பையில் போட்டுக்கொண்டான். டாக்டர் வெறுங்கையால் பொடியை அள்ளி, கம்பி நெடுகப் பாசத்தோடு பூசினார். பிறகு கைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வாசலுக்கு நடந்தார். குழுவின் கார் வந்துவிட்டது.

குழுத் தலைவருக்குக் கம்பீரமான வழுக்கை. எதையாவது யோசிக்கும்போது அதைத் தடவிக்கொள்வார், யோசிக்காதபோதும் தடவிக்கொள்வார். அவருக்குப் பின்னால் இரண்டு உறுப்பினர்கள், அவர் சொல்வதன் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வதற்காக. டாக்டர் மூவரின் கைகளையும் இரு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். தேநீரின்போது பணிவின் இலக்கணமாக, பிஸ்கட்டைத் தட்டிலிருந்து தன் கையாலேயே எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

"நீங்களே பரிமாறணுமா டாக்டர்?" என்றார் தலைவர்.

"விருந்தோம்பல் நம்ம ரத்தத்துல ஊறினது சார்."

"ஊறினது," என்றார்கள் உறுப்பினர்கள், வாய் நிறைய.

பிறகு கூட்ட அறையில் உரை நடந்தது. கிருமிகள் வரலாறு எழுதின, பேரரசுகள் சாய்ந்தன, பக்கங்கள் புரண்டன. அதற்குள் வார்டில் பெரிய சிஸ்டரும் மற்றவர்களும் வழக்கம்போல் வேலையைப் பார்த்தார்கள். அந்தக் கட்டிலில் படுத்தவருக்கு வெப்பம் பார்த்தார்கள், போர்வை மாற்றினார்கள், குறட்டையை நிறுத்தச் சொல்லி ஒரு தட்டும் தட்டினார்கள்.

மதியம் எல்லோரும் வார்டில் கூடினார்கள். டாக்டர் உரைத்தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒலிவாங்கியைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"இப்போ விளக்குகள் அணையும். காலையில இந்தக் கட்டில்ல நான் வெச்ச நோய், யார் மூலமா, எங்கெல்லாம் போயிருக்குன்னு நீங்களே பாருங்க. யாரையும் குத்திக்காட்டறது என் நோக்கமில்ல." இதைச் சொல்லும்போது பெரிய சிஸ்டரையே பார்த்தார்.

ஜன்னல்களை மூடினார்கள். மச்சான் ஊதா விளக்கைக் கட்டிலின் மேல் பிடித்தான். கம்பி பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. குழு "ஆ" என்றது.

"சிஸ்டர், கையை நீட்டுங்க," என்றார் டாக்டர், இனிப்பு கொடுக்கப்போகிறவர் போல.

விளக்கு நகர்ந்தது. ஒன்றுமில்லை.

"நீட்டிட்டீங்களா?"

"நீட்டிட்டேன் டாக்டர். என் கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல," என்றது இருட்டில் பெரிய சிஸ்டரின் குரல். "கையுறை போட்டுத்தான் தொட்டேன். கழட்டினதும் கழுவிட்டேன்."

மற்றச் செவிலியர்களின் கைகளும் இருட்டு. துடைப்பத்தின் பிடியும் இருட்டு. மருந்து வண்டியும் இருட்டு.

"மச்சான், விளக்குல ஏதோ கோளாறு. இந்தப் பக்கம் திருப்பு பார்க்கலாம்."

மச்சான் திருப்பினான்.

இருட்டில் ஒரு பச்சை மூக்கு தெரிந்தது. அதற்குக் கீழே பாதி மீசை, சற்றுத் தள்ளி ஒரு காது. முகம் கிடையாது. மூக்கும் மீசையும் காதும் மட்டும் அந்தரத்தில் நின்றன.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்று மீசை கேட்டது. கேட்பதற்காக வாய் திறந்தபோது உள்ளே ஒரு பச்சை நாக்கும் தெரிந்தது.

யாரோ ஒரு செவிலி களுக்கென்று சிரித்தாள். சத்தத்தில் விழித்துக்கொண்ட நோயாளி எழுந்து உட்கார்ந்தார். ஒளிரும் நாக்கைப் பார்த்தார். கைகூப்பினார்.

"ஐயா, நான் செத்துட்டேனா?"

"நீ இல்லண்ணே," என்றான் மச்சான். "நாங்கதான்."

அவன் விளக்கை அவசரமாக வேறு பக்கம் திருப்ப, உண்மை அறை முழுவதும் சுற்றி வந்தது. உரையின் பக்க மூலைகள் பச்சை. ஒலிவாங்கி பச்சை. உறுப்பினர்களின் உதடுகள், சாயம் பூசினாற்போலப் பச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவரின் வழுக்கையில் முன்னிருந்து பின்னுக்குப் போன விரல் தடங்கள், புதிதாக உழுத வயல் போல. டாக்டர் நடந்த வழி, தொட்ட தோள், திறந்த கதவு எல்லாம் தெளிவாக இருந்தன. வேறு யார் போன வழியும் தெரியவில்லை.

விளக்குகளைப் போட்டார்கள். எல்லோரும் வழக்கமான நிறத்தில் இருந்தார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இது நிஜமாவே பெரிய காய்ச்சலா இருந்திருந்தா…" என்று தொடங்கினார் தலைவர்.

"இந்நேரம் எனக்குத்தான் வேலை அதிகம் சார்," என்றார் பெரிய சிஸ்டர்.

"அதிகம்," என்றார்கள் உறுப்பினர்கள், பழக்கதோஷத்தில்.

தலைவர் வழுக்கையைத் தடவக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தினார். மருத்துவமனைக்கு வந்த தேர்வுக் குழுவின் தலைவரே நோயைத் தலையில் சுமந்து நின்றார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையோடு கேட்டார்:

"டாக்டர், பொடியைத் தொட்டதும் நீங்க கை கழுவினீங்கதானே?"

திறந்த கதவைக் கண்ட பூனை போல டாக்டர் பாய்ந்தார். "கழுவாம இருப்பேனா சார்? முதல் வேலையே அதுதானே! இதே மாடியில அதிகாரிகள் கழிவறை இருக்கு. உங்களுக்குக்கூடக் காலையில சாவி கொடுத்தேனே. அங்கதான் கழுவினேன். சோப்புப் போட்டு."

"பார்த்தீங்களா!" தலைவரின் முகம் மலர்ந்தது. "நானும் தேநீருக்கு முன்னாடி அங்கதான் கை கழுவினேன். உங்களோட கை குலுக்கினதுக்கு அப்புறம். அப்படியும் என் தலையில இருக்குன்னா, கோளாறு கையில இல்ல. பொடியில."

"பொடியில," என்றனர் உறுப்பினர்கள். "நாங்களும் கழுவினோம்."

பொடிக்குப் பொறுப்பாளி ஆய்வகம். மச்சான் அவசரமாகக் குறுக்கிட்டான். "தண்ணி பட்டாப் போயிடும் சார். டப்பாவுலயே அச்சடிச்சிருக்கு."

"நீ சும்மா இருடா!" என்றார் டாக்டர். மருத்துவமனைக்குள் அவனை அவர் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

"அப்ப இப்பவே கழுவிப் பார்த்துடலாமே," என்றார் பெரிய சிஸ்டர் சாதுவாக. "கழுவியும் போகலைன்னா பொடிதான் தப்பு. டாக்டர் மேல பழி இல்ல."

"நியாயம்," என்றார் தலைவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "கழுவி, விளக்கைப் பிடிச்சு, பச்சை போகலைன்னா அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன் டாக்டர். உங்க பேர்ல."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டாக்டர், கையில் சாவியோடு, பின்னால் குழு, அதன் பின்னால் விளக்கோடு மச்சான், பெரிய சிஸ்டர், போர்வையைப் போர்த்தியபடி நோயாளி. நடக்கும்போது டாக்டருக்குச் சற்றே தெம்பு வந்தது. நனைத்தும் நனைக்காமலும் விரல் நுனியைக் காட்டினால் பச்சை மிச்சமிருக்கும், பதவியும் மிச்சமிருக்கும்.

கதவு திறந்தது. வெள்ளைப் பீங்கான் தொட்டி கறையே இல்லாமல் பளபளத்தது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!" என்று தலைவர் வியந்து, தானே முன்வந்து குழாயைத் திருகினார்.

தண்ணீர் வரவில்லை.

மறுபக்கம் திருகினார். வரவில்லை. திருகுபிடி கையோடு வந்துவிட்டது.

"காலையில நல்லா வந்துச்சே," என்றார் டாக்டர்.

"ஆமா, எனக்கும் வந்துச்சே," என்றார் தலைவர், யோசிக்காமல். "கொஞ்சம் சில்லுனுகூட இருந்துச்சு."

"சில்லுனு," என்றார்கள் உறுப்பினர்கள்.

கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளரை அழைத்து வரச் சொன்னார்கள். அவர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டே ஓடிவந்தார். இத்தனை பெரிய மனிதர்களைக் கழிவறையில் பார்த்ததும், யாரோ தன்மீது புகார் கொடுத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டார்.

"சார், என் தப்பில்ல சார். இந்தத் தொட்டிக்குத் தண்ணி லைனே கொடுக்கல. திறப்பு விழா அவசரத்துல தொட்டியை மட்டும் மாட்டினாங்க. அடியில பாருங்க, தண்ணி வெளிய போற பைப்பும் இல்ல. தண்ணி வந்திருந்தா நேரா உங்க ஷூ மேலதான் ஊத்தியிருக்கும். ஃபிளஷுக்கு வேற லைன், அது ஓடுது. தண்ணி வரலைன்னு யாராவது சொன்னா உடனே கொடுத்துடலாம்னுதான் சார் காத்திட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல."

தலைவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

கட்டடம் திறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.