பார்ட்டிக் சுவரில் இரண்டு சகோதரிகள்

கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் பக்கச் சுவரில் இஷ்பெல் ரென்னியின் முகம் வரைந்து முடிக்கப்பட்ட நாளிலிருந்து, அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவளால் போக முடியாமல் ஆயிற்று. அவள் எதிரிலிருந்த பொரித்த மீன் கடையில் வேலை பார்த்தாள். சாப்பிட வந்த ஓவியன் ஸ்ட்ருவன் வரையட்டுமா என்று கேட்க, சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தாள். படம் முடிந்த மறுநாள், கடலோரச் சொந்த ஊரான ரோத்சேயில் நுரையீரல் நோயோடு கிடந்த அக்கா ஊனாவைப் பார்க்கப் பேருந்து ஏறினாள். முதல் முனை திரும்பியதும் அவளது இருக்கை காலியாயிற்று. பையோடு மீன் கடை வாசலில் நின்றாள். நடந்து பார்த்தாள், டாக்ஸி பிடித்துப் பார்த்தாள், அதே வாசல்தான். ஓட்டுநர்களுக்கும் பழகிப்போயிற்று. "இன்னிக்கும் முனை வரைக்கும்தானா, இஷ்பெல்?" என்று கேட்டுக் கதவைத் திறந்தார்கள்.

"அழிச்சிடட்டுமா?" என்றான் ஸ்ட்ருவன்.

"அழிச்சா நான் ஊருக்குப் போவேனா, இல்ல நானும் சேர்ந்து அழிஞ்சிடுவேனா?"

சுவரை அப்படியே விட்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் ஊனாவால் தொலைபேசியில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. இஷ்பெல் அக்காவின் புகைப்படத்தை அவனிடம் கொடுத்தாள்.

"என் பக்கத்துல வரை."

"அவங்களக் கேட்டீங்களா?"

"நீ வரைப்பா."

கடைசி இமையை அவன் தீட்டியபோது, ஊனா வீட்டுச் செருப்போடு மீன் கடை வரிசையில் நின்றாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? அங்க அடுப்புல சூப்பு கொதிக்குது!"

நோய் தேறவும் இல்லை, முற்றவும் இல்லை. படத்தில் இருக்கிறபடியே இருக்கிறார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊனா தங்கையிடம் பேசவில்லை. தினமும் காலையில் முனைவரை இருமிக்கொண்டே நடப்பாள், கடை வாசலில் வந்து நிற்பாள். வசந்தத்தில் ஒருநாள் வாய் திறந்தாள்.

"ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா வரமாட்டேன்னிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன். அங்கேயே சாகத் தயாரா இருந்தேன்டி. ஜன்னல்ல கடல் தெரியும்."

இஷ்பெல் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது வருடங்களாகின்றன. ஸ்ட்ருவன் பெரிய ஆளாகிவிட்டான். இப்போது பறவைகளை மட்டும் வரைகிறான். வெளியூர்க் கல்யாணங்களுக்குச் சகோதரிகளை யாரும் அழைப்பதில்லை. மழையில் வெளுத்த வண்ணத்தைப் புதுப்பிக்க அவன் கோடைதோறும் வருகிறான். ஏணியில் ஏறுமுன் கடைக்குள் வந்து, "தீட்டட்டுமா?" என்று ஊனாவைக் கேட்கிறான். இந்த வருடம் அவள் சுவரில் வெளுத்துக் கிடந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஷ்பெல் ஒரு சட்டி மீனைக் கருகவிட்டாள். பிறகு ஊனா சரியென்று தலையசைத்தாள், வரிசை நகர்ந்தது.