மேசையில் ஒரு பெரட்டு

வீரய்யா மல்லாந்து படுத்து ஏழெட்டு மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் சுவரோடு சாய்ந்து, குந்தியபடியேதான் கண்ணை மூடுவார். மல்லாந்தால், மயக்கம் ஏறுமுன் ஆபரேஷன் மேசைக்கு மேலே பார்த்த அந்த வெள்ளை விளக்கு கண்ணுக்குள் வந்துவிடும்.

வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு மயக்கம் கொடுத்து ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்தபோது, பாதியில் அவருக்கு முழிப்புத் தட்டிவிட்டது. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, குரல் வரவில்லை. கத்தி ஓடுவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பெரகல சந்தியில் வாங்கிய தோடம்பழம் புளிப்பு என்று யாரோ சலித்துக்கொண்டதும் கேட்டது. காலமெல்லாம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மனுஷன், அன்று தானே செடியாகக் கிடந்தார்.

சொன்னபோது, கனவு கண்டிருப்பீர்கள் என்றார்கள். வீட்டில் பூசாரியைக் கூப்பிட்டு நூல் கட்டினார்கள். அதோடு அவர் ஒருத்தரையும் நம்புவதில்லை. பெண்சாதி வடிவம்மா கொடுத்த தேத்தண்ணியைக்கூட மோந்து பார்த்தார்.

"என்னத்தக் கலந்த?"

"சீனியக் கலந்தேன். வேற என்னத்தக் கலப்பாங்க?"

பாதியைப் பூனைக்கு ஊற்றினார். நக்கிவிட்டு அது அடுப்போரம் சுருண்டது.

"பாத்தியா, தூங்குது!"

"அது பொறந்ததுலருந்து தூங்குது. ஒங்களுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு."

இப்போது இடப்பக்கமும் இறங்கிவிட்டது. குடல் சிக்கினால் உயிர் போகும், உடனே வெட்ட வேண்டும் என்று பதுளையில் வேறொரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செத்தாலும் சாவேன், அந்த மேசையில் ஏறமாட்டேன் என்று நின்றார் வீரய்யா. வடிவம்மா அழுது புரண்டு பதுளை பஸ்ஸில் ஏற்றினாள். வழியில் லுணுகலையில் இறங்கி ஓடப் பார்த்தவரைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மயக்கம் கொடுக்கும் டொக்டர் முஷ்ரிபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அபூர்வமா அப்படி நடக்கும் அய்யா. நான் நம்புறேன்."

வீரய்யாவுக்குச் சந்தேகம் கூடியது.

"ஊரே நம்பல. நீங்க மட்டும் ஏன் நம்புறீங்க? அறுக்கணும், அதுக்குத்தானே?"

"அறுக்கத்தான் வேணும். ஆனா இந்த முறை மயக்கம் இல்ல. முதுகில ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். நீங்க முழிச்சிருப்பீங்க."

"முழிச்சிருந்ததுதாம்மா எனக்கு வெனையே!"

"அப்ப வாய் வரல்ல. இப்ப வரும். வலிச்சாச் சொல்லலாம்."

வீரய்யா யோசித்தார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவன்தான் வேலைக்கு வந்தவன். கொடுக்காதவன் முன்னால் நின்றாலும் வராதவன்தான்.

"சரி. பெரட்டுல மாதிரி என் பேரக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். 'இருக்கேன்'னு நான் சொல்லலன்னா கத்தி நிக்கணும்."

"நிக்கும்" என்று சிரித்தார் டொக்டர். அந்தச் சிரிப்பு வீரய்யாவுக்குப் பிடிக்கவில்லை.

மேசையில் அதே வெள்ளை விளக்கு. உடம்பெல்லாம் வேர்த்தது. காலில் ஐஸ் வைத்துப் பார்த்தார்கள், குளிர் தெரியவில்லை. தலைமாட்டில் டொக்டர் உட்கார்ந்தார்.

"வீரய்யா!"

"இருக்கேன்."

வெட்டத் தொடங்கினார்கள். வலி இல்லை.

"வீரய்யா!"

"இருக்கேன்."

மூன்றாம் தடவை வாயை இறுக்கிக்கொண்டார். கண்ணையும் மூடினார்.

"வீரய்யா! வீரய்யா!"

மூச்சு விடவில்லை.

"நிறுத்துங்க!"

தட்டில் கத்தி விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வீரய்யா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இருக்கேன்."

"நடிக்கிறீங்கண்டு தெரியும் அய்யா. இந்தத் திரையில நெஞ்சுத் துடிப்பு சரியாத்தான் ஓடுது."

"பொறகு ஏன் நிப்பாட்டுனீங்க?"

"நிக்கும்னு சொன்னேனே."

வீரய்யா விளக்கை நேராகப் பார்த்தார்.

"ம். வெட்டச் சொல்லுங்க."

சாயங்காலம் வார்டுக்கு வந்த வடிவம்மா திடுக்கிட்டாள். மனுஷன் மல்லாந்து கிடந்து குறட்டை விடுகிறார். என்னத்தைக் கொடுத்து இப்படிப் போட்டார்களோ! பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்து மோந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்தான். மனசு கேட்கவில்லை.

"ஏங்க!"

கண் திறக்காமலே, "இருக்கேன்" என்றார்.