ரிவர்ஸ் பீரியட்

டிப்போ சதுரங்க அணியில் நாலு பேருக்குத்தான் இடம். ஐந்தாவது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு; அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடலாம். மூன்று வருஷமாக அந்த நாற்காலி ஒரு பஸ் டிரைவருக்கு. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அதனால் டிப்போவில் அவருக்கு 'ஸ்டெப்னி' என்றே பெயராகிவிட்டது. நாற்பத்தாறு வயசு மனுஷனை உபரி டயர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் பற்றி எரியும்.

இந்த வருஷம் அவர் சிரிக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், "நாலாவது இடத்துக்குப் போட்டி வைங்க சார்" என்றார். அந்த இடத்தில் இருந்தவன் மெக்கானிக். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "வாங்கண்ணே, ஒரு கை பாத்துடுவோம்" என்றான். பத்து வாரம் கழித்து ஒரே ஒரு ஆட்டம். ஜெயித்தால் இடம் ஸ்டெப்னிக்கு. தோற்றாலும் சமமாக முடிந்தாலும் மெக்கானிக்குக்கே.

வீட்டுக்கு வந்த மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் ஆட ஆரம்பித்தார். எல்லாம் மூணு நிமிஷ ஆட்டம். ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஐந்து நாள் நடந்தது இந்தக் கூத்து. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். முப்பது வகுப்புக்கு டைம்டேபிள் போடுகிறவள். சதுரங்கத்தில் அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது.

"இன்னிக்கு எத்தனை ஆட்டம்?" என்று கேட்டாள்.

"நாப்பது."

"எத்தனை தோத்தீங்க?"

"அதையெல்லாம் யாரு எண்ணுறா?"

"எல்லாப் பீரியடும் விளையாட்டுன்னு போட்டா பசங்களுக்குக் கொண்டாட்டம்தான். பரீட்சையில என்னத்த எழுதுவாங்க?"

சுருக்கென்றது அவருக்கு. போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குள் அவள் ஸ்கேலும் பேப்பருமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் மூணிலிருந்து மூணரை வரை தோற்ற ஆட்டங்கள். அடுத்த அரை மணி புதிர்கள். அப்புறம் அரை மணி, காய் குறைந்த பிறகு ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நீளமான ஆட்டம். போன் ஆட்டம் சனிக்கிழமை மட்டும், அதுவும் பத்துக்கு மேல் கூடாது.

"தோத்ததை எதுக்குடி கிளறணும்?"

"வலிக்குதுல்ல? அப்ப அதான் முதல் பீரியட்" என்று சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

ஒரு நோட்டு போட்டார். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி காரணம். முதல் ஒன்பது ஆட்டத்துக்கும் 'கவனக்குறைவு' என்று எழுதி வைத்தார். அதைப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன கவனம், எந்த இடத்துல குறைஞ்சுது? இதெல்லாம் ஒரு காரணமா?"

அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். விடவில்லை மனுஷன். பஸ் கிளம்பக் காத்திருக்கிற பத்து நிமிஷத்திலும் மடியில் சின்னப் பலகை. "ஸ்டெப்னிக்குக் காத்தடிக்கிறாங்கடா!" என்று டிப்போவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டார்.

மூன்றாவது வாரம், டீ கொண்டுவந்த மனைவி பலகையை எட்டிப் பார்த்து ஒரு காயைத் தொட்டாள். "இது பின்னாடி போகக் கூடாதா?"

"குறுக்கே ஓடுற மந்திரிதானே, தாராளமா போகலாம்."

"அப்புறம் ஏன் போகல?"

பார்த்தார். பின்னால் இழுத்திருந்தால் அந்த ஆட்டம் பிழைத்திருக்கும். டீ ஆறியது. தோற்ற இருபத்து மூன்று ஆட்டத்தையும் வரிசையாகப் பரப்பினார். பதினாலில் அதே கதை! ஒன்று, தன் காயைப் பின்னால் இழுக்கத் தோன்றவில்லை; இல்லை, எதிராளியின் காய் பின்னால் திரும்பி வந்து அடிக்கும் என்று தெரியவில்லை. இருபது வருஷமாக அவருக்கு முன்கண்ணாடியில் தெரிவதுதான் ரோடு. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் கண்டக்டர் இறங்கி விசில் அடிப்பார். பலகையில் எந்தக் கண்டக்டர் வந்து விசில் அடிப்பார்?

அன்றைக்கே டைம்டேபிளில் ஒரு பீரியட் கூடியது. மனைவி அதற்கு 'ரிவர்ஸ்' என்று பேர் எழுதினாள். எந்தக் காயை நகர்த்துவதற்கு முன்பும், இரண்டு பக்கத்துக் காய்களும் பின்னால் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. முதலில் இது ஆட்டத்தையே கெடுத்தது. நேரம் போதாமல் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றார். பலகையைத் தூக்கி எறியலாமா என்றுகூடத் தோன்றியது. ஏழையும் நோட்டில் எழுதிவிட்டு எட்டாவது ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்.

போட்டி டிப்போ ஓய்வறையில் நடந்தது. ஷிப்ட் முடிந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். முப்பதாவது நகர்த்தலில் மெக்கானிக்கின் ராணி ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டு ஸ்டெப்னி பக்கத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, சமம்னு முடிச்சுக்கலாமா? உங்களுக்கும் மரியாதை, எனக்கும் நிம்மதி."

"கையைக் குடுத்துட்டு வாங்கண்ணே, இதுவே பெரிய விஷயம்" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார். ஸ்டெப்னிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு சிப்பாய் குறைவு. தோற்றால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சமம் என்றால் மறுபடி அந்த நாற்காலிதான்.

"வேண்டாம் தம்பி, ஆடுவோம்" என்றார்.

கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் இருந்தது. முன்னால் போக எந்தக் காய்க்கும் வழியில்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் பார்த்தார். குதிரை, இல்லை. யானை, இல்லை. மந்திரி. ஆட்டம் ஆரம்பித்தபோது நின்ற கட்டத்துக்கே திரும்பினால் அது ராணியை நேராகத் தாக்கும். ராணி தப்பிக்க எந்தப் பக்கம்? இரண்டு தடவை எண்ணினார். எல்லாக் கட்டத்திலும் அவருடைய காய்கள் காவல். மந்திரியை இழுத்து வைத்தார்.

மெக்கானிக் ரொம்ப நேரம் பலகையையே பார்த்தான். பிறகு ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினான். "இது என் கண்ணுல படவே இல்லண்ணே" என்றான்.

அவர் ஷெட்டுக்கு வந்து, நின்றிருந்த பஸ்ஸில் சாய்ந்துகொண்டு மனைவிக்குப் போன் போட்டார். அவள் எடுத்தாள். "முடிஞ்சுதுடி" என்று ஆரம்பித்தார்.

"சரி, விடுங்க" என்றாள் அவள். "தோத்தா என்ன, குடியா முழுகிப் போச்சு? பத்து வாரம் ஒரு நாள் தவறாம உக்காந்தீங்க. நான் பார்த்தேன்ல. இப்படி ஒரு ஆளு அந்த டிப்போவுலயே கிடையாது. எனக்கு அது போதும்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. குறுக்கே பேச மனசு வருமா? முழுசாகக் கேட்டார்.

"ஜெயிச்சுட்டேண்டி."

"அதை முதல்லயே சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று திட்டினாள். திட்டும்போதே குரல் உடைந்தது. போனை வைக்க மறந்துவிட்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் கத்துவது அவருக்குக் கேட்டது: "எங்க வீட்டுக்காரரு அணியில வந்துட்டாரு! நாலாவது ஆளு!"