ஆளுக்கொரு ஸ்பீக்கர்

ஒரு ஜோடி ஸ்பீக்கரை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு போன அண்ணன் தங்கையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இடது செருப்பு உனக்கு, வலது செருப்பு எனக்கு என்று பிரித்துக்கொள்கிற காரியம் அது. இதையெல்லாம் படித்தவர்கள்தான் செய்வார்கள். அண்ணன் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பா போன பிறகு பாத்திரம், கட்டில், அலமாரி எல்லாவற்றையும் முகம் கோணாமல் பங்கு போட்டுக்கொண்டவர்கள், அந்த இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் வந்ததும் முட்டிக்கொண்டார்கள்.

பெட்டிகளும் லேசுப்பட்டவை அல்ல. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கட்டுமானம். இடுப்புயரம், வால்நட் மரத் தகடு, முன்னால் மெல்லிய பழுப்புத் துணி. எங்கேயும் ஒரு துளை கிடையாது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான், முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் அந்தப் பத்து அங்குலக் கூம்புக்கு, அதாவது கோனுக்கு, ஸ்பிரிங். கோன் முன்னால் வந்தால் காற்று அதைப் பின்னால் இழுக்கும், பின்னால் போனால் முன்னால் தள்ளும். காற்றையே ஒரு பாகமாக எண்ணி அளந்து வைத்திருக்கிறான் அதை வடிவமைத்த மகாராசன். அதனால் அதில் பேஸ் என்கிற கனத்த ஒலி ஜன்னலை அதிரவைக்காது. தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். இதைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒரு காலத்தில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

சண்டை வந்தது ஒரு நுரை வளையத்தால். கோனைச் சுற்றி ஒட்டியிருக்கும் அந்த ஃபோம் வளையம் எந்தப் பெட்டியிலும் ஒருநாள் பொடியாகித்தான் போகும். இதிலும் ஓரத்தில் உதிர ஆரம்பித்திருந்தது. திறந்து மாற்றிவிடலாம் என்றாள் தங்கை. திறந்தால் காற்று கசியும், கம்பெனி அடைத்ததை அப்பாவே திறக்கவில்லை, நீ யார் திறக்க என்றான் அண்ணன். வார்த்தை தடித்தது. கடைசியில் ஆளுக்கொன்று என்று முடிவாகி, அண்ணன் தன் ஆபீஸ் வழக்கப்படி இரண்டு பெட்டியின் பின்பலகை ஓரத்திலும் காகித சீல் ஒட்டிக் கையெழுத்தும் போட்டான். பிரித்தவர் தோற்றவர், தன் பெட்டியை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதோடு பேச்சும் நின்றது.

இரண்டு வருஷம். நடுவில் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன், தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பதினோரு நாள் படுக்கை. அண்ணி தினமும் வந்தாள். அண்ணன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. "அவருக்கு வேலை" என்று அண்ணி சொன்னபோது தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். "ஒத்தப் பெட்டிய நான் லாரியில ஏத்த மாட்டேன். சீல் யாரோடது சரியா இருக்கோ அவங்க ரெண்டையும் வச்சுக்கட்டும். ரெண்டும் சரியா இருந்தா சீட்டுப் போடலாம். ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்று அண்ணி போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தங்கை போனை வைத்துவிட்டு நேராகத் தன் பெட்டியின் பின்பக்கம் போய் சீலைத் தடவிப் பார்த்தாள். பார்க்க மாட்டாளா பின்னே? மூன்றாவது மாசமே அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். ஆவி காட்டி சீலை உரித்து, புது நுரை வளையம் ஒட்டி, பழையபடி மூடி, சீலையும் மயிரிழை பிசகாமல் திரும்ப ஒட்டியிருந்தாள். பெட்டி போவதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்வாள். அண்ணனைப் பற்றித்தான் பயம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவன். 'என்னை ஏமாத்திட்டே' என்று சொல்லிவிட்டு அன்று படியிறங்கினால், இனி செத்தாலும் வாழ்ந்தாலும் வரமாட்டான். அவளுக்கு இருப்பது அந்த ஒரு அண்ணன்தான்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு வந்தார்கள். அவள் வீட்டுக்காரர், அந்தப் புண்ணியவான், மழைக்கு முன்னால் குடையை விரிக்கிறவர். மூன்றரைக்கே வெளியே போய்விட்டார். அண்ணன் பெட்டியை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"லிஃப்ட் இருக்கே" என்றாள் தங்கை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"சர்ட்டிபிகேட் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. உள்ள ஒட்டியிருக்கு, பாக்கலியா?" என்றான் அவன். அவளைப் பார்க்காமல் அவள் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தான்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டு அவன் முன்னால் நிற்கிறாள்.

"சரியா இருக்கு" என்று இரண்டு நொடியில் நிமிர்ந்துவிட்டான்.

அவள் மூச்சு விட்டாள். விட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு நொடியா? இந்த மனுஷனா? அவன் பெட்டியின் சீலை அவளும் பார்த்தாள். அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது.

"அப்ப சீட்டுப் போடலாமா?" என்றாள் அண்ணி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"ஒரு தடவ ரெண்டையும் சேத்துக் கேட்டுட்டு" என்றான் அண்ணன். அது மட்டும் அவளுக்கும் சம்மதம்தான். இரண்டு பெட்டியையும் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஆறடி இடைவெளியில் நிறுத்தினார்கள். ஆம்ப்ளிஃபையர் ஒயரைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று அவள் மாட்டினாள். அவன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். ஒரு பெண் தனியாகப் பாடும் இசைத்தட்டு, பின்னால் ஒரே ஒரு பேஸ் கிட்டார். ஊசி தட்டில் இறங்கியது.

பாட்டு வந்தது, ஆனால் வந்த பாட்டு பாட்டாக இல்லை. பாடுகிறவள் நடுவில் நிற்க வேண்டியவள். இங்கே அவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை, குரல் இரண்டு ஓரத்திலும் சிதறிக் கிடந்தது. பேஸ் கிட்டாரைக் காணவே காணோம். அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகிறது. வெளியே ஒயர் சரி. அப்படியானால் ஒரு பெட்டிக்குள்ளே ஒயர் மாறியிருக்கிறது. திறக்காத பெட்டிக்குள் ஒயர் தானாக மாறாது.

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அண்ணி. "நல்லாத்தானே பாடுது?"

"இல்ல" என்றான் அண்ணன். "ஒண்ணு தலைகீழா இருக்கு."

"எது?"

அதைக் கண்டுபிடிக்க ஒரு பேட்டரி போதும். சிவப்பு முனையில் பிளஸ் வைத்துத் தொட்டால் கோன் ஒரு தரம் அசையும், வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொன்னால் மாட்டிக்கொண்டதாக அர்த்தம். தங்கை ஒயர்களைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்து பேட்டரியும் டார்ச்சும் எடுத்து வந்தாள்.

முதலில் அவள் பெட்டி. அவள் பேட்டரியைத் தொட்டாள், அண்ணன் துணி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். டப் என்று ஒரு சத்தம். "உள்ள போகுது" என்றான். சொல்லிவிட்டும் டார்ச்சை எடுக்கவில்லை. வெளிச்சம் கோனைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போனது. கன்னங்கரேலென்ற புது நுரை. பார்த்துவிட்டான், நிச்சயமாகப் பார்த்துவிட்டான். ஆனால் டார்ச்சை அணைத்து அவளிடம் நீட்டினான்.

அடுத்து அவன் பெட்டி. இப்போது டார்ச் அவள் கையில். டப். கோன் வெளியே வந்தது. அதைச் சுற்றி, கன்னங்கரேலென்று, புத்தம் புது நுரை வளையம்.

அடப்பாவி!

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. நாற்பது வருஷத்து நுரை புதுசாக இருக்க முடியாது என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை சாமர்த்தியமாக சீலை மறைத்தவர்கள் நுரையை மறந்திருக்கிறார்கள்! அதோடு, ஒயரை மாற்றியவன் அவன்தான். அந்தக் கம்பெனி அந்த வருஷங்களில் செய்த பெட்டிகளில் சிவப்பில் பிளஸ் வைத்தால் கோன் உள்ளேதான் போகும். மற்றவர்கள் பெட்டியில் வெளியே வரும், ஊருக்கெல்லாம் ஒரு வழி, அவர்களுக்குத் தனி வழி. அவளும் முதலில் குழம்பி, கம்பெனியின் பழைய ரிப்பேர் குறிப்பைத் தேடிப் படித்துவிட்டு, இருந்தபடியே விட்டாள். அண்ணன் படித்திருக்க மாட்டான். தப்பு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறான். திருத்துவதுதானே அவன் பிழைப்பு!

"எது தப்பு? சொல்லுங்களேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான். 'தங்கை பெட்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டும் அவனுக்கு. அவளும் குறிப்பை எடுத்து நீட்டினால் போதும், பெண்டாட்டி முன்னால் அவன் மானம் போய்விடும். அப்புறம் அவன் இந்த வாசல்படி ஏறவே மாட்டான். சொல், சொல்லிவிடு என்று அவளுக்குள்ளே ஒன்று பிடுங்கியது. பதினோரு நாள் வராதவனுக்கு என்ன தாட்சண்யம்?

"நான் திறந்துட்டேன் அண்ணா" என்றாள். "மூணாவது மாசமே. சீல ஆவி காட்டி உரிச்சேன்."

அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது.

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப முடிஞ்சுதே. ரெண்டும் நமக்கு. தூக்குங்க."

அண்ணன் தூக்கினான். தங்கையின் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். போகிறான். வாய் திறக்காமல் போகிறான். இவ்வளவுதான் இவன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, எரிந்தது.

வாசலில் நின்றவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நானும் திறந்துட்டேன்" என்றான், கதவைப் பார்த்தபடி. "முத மாசமே. நுரை கொட்டிப் போச்சு. என்னால பாத்துட்டு இருக்க முடியல."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

கேட்டேவிட்டாள். அவன் சட்டை நுனியைப் பிடித்துத் திருகினான், அரசாங்க உத்தியோகஸ்தன், ஐம்பத்திரண்டு வயசு.

"வந்தா நீ பெட்டியப் பத்திக் கேப்ப" என்றான். "எனக்குப் பொய் சொல்ல வராது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். திரும்பிப் போயிட்டேன்."

"கோபத்துல வரலன்னு நெனச்சேன்."

"என்ன கோபம்? அதெல்லாம் முத மாசத்தோட போச்சு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு நுரை வளையத்துக்காகவா? நாலாவது மாசத்தில் ஒருநாள் அவன் போன் செய்ததும், பெட்டியைப் பற்றிக் கேட்டுவிடுவானோ என்று அவள் எடுக்காமல் விட்டதும் ஞாபகம் வர, ஆத்திரத்தை அவன்மேல் மட்டும் கொட்டவும் முடியவில்லை. கோபத்தில் பிரிந்திருந்தது ஒரு மாசம். மற்றதெல்லாம் பயம். இரண்டு தடியர்கள், மாட்டிக்கொள்வோமே என்று பயந்து இரண்டு வருஷத்தைத் தின்றிருக்கிறார்கள்.

"சுவரப் பாத்துப் படுத்திருந்தேன், மடையா" என்றாள். அண்ணனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மறுக்கவில்லை.

அண்ணி எழுந்துகொண்டாள். "ரெண்டு பேரும் தோத்தாச்சு. ரெண்டு பெட்டியும் இங்கயே கெடக்கட்டும், புது வீட்டுல எனக்கு இடமும் இல்ல. மாசம் ஒருக்கா இவர் வந்து கேட்டுட்டுப் போகட்டும். இப்ப இத எப்படிச் சரி பண்றது?"

"இவ பெட்டியில ஒயர மாத்தணும்" என்றான் அண்ணன், பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபடி.

"இவன் பெட்டியிலதான் மாத்தணும். இந்தக் கம்பெனி..." என்று ஆரம்பித்தாள் தங்கை.

"எத மாத்தினா என்ன? ரெண்டும் சேந்து போகணும், சேந்து வரணும். அவ்வளவுதானே?" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான்.

அண்ணியே ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒயர்களை மாட்டினாள், பக்கத்திலிருந்த பெட்டியில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி. ஊசி மறுபடி இறங்கியது. பேஸ் கிட்டார் தரையோரமாக வந்து நின்றது. பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால் நின்று பாடினாள். ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் நடுவில் இடம், அதில் அண்ணி உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட எழுந்த அண்ணன் பாதியில் நின்றான்.

"ரொம்ப வலிச்சுதா?" என்றான்.

இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். எல்லோரிடமும் இல்லை, இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

"ரொம்ப" என்றாள். முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.