பத்தாவது ஆள்

என் தோழி அரசெலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பாதாம் தோப்பு ஊரில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்தில் உயிரியலுக்கு மாறிவிட வேண்டும். அவளுக்கும் எனக்கும் அதுதான் கனவு. மாறுவது என்ன சும்மாவா? எதை முடித்த பிறகு எதை எடுப்பது என்று வரிசை பிசகாமல் வர வேண்டும். எல்லாம் முடிந்து கரிம வேதியியலின் இரண்டாம் பாதி மட்டும் மிச்சம். அது ஜனவரியில்தான் நடக்கும், அதுவும் பத்துப் பேர் சேர்ந்தால்தான்.

ஆள் பிடிக்க நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! படிப்பே வேண்டாம் என்று போனவனைக்கூட, அம்மா சோள மாவில் கறி வைத்து அவித்த தமாலிகளைக் கொடுத்து இழுத்து வந்தோம். ஒருவழியாகப் பத்துப் பேர் தேறினோம்.

“இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாதுடி, நெரெய்தா!” என்று அரசெலி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

முதல் நாள் போனால் வகுப்பு பூட்டிக் கிடந்தது. “நேத்து ஒரு பொண்ணு விலகிடுச்சும்மா. ஒன்பது பேருக்கெல்லாம் வகுப்பு நடத்த மாட்டாங்க,” என்றாள் அலுவலகக்காரி. திரும்பிப் பார்த்தேன். அரசெலியைத் தவிர எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் வேலை பார்க்கும், டாக்கோ விற்கிற சாப்பாட்டு வண்டிக்கே போய்விட்டேன்.

“பக்கத்து ஊர் காலேஜ்ல ஒரே ஒரு இடம் காலியாச்சு. சொன்னா நீயும் கேப்ப,” என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். “இங்க யாராவது கடைசி நேரத்துல கழண்டுக்குவாங்கன்னு பயம்டி.”

“கழண்டது நீதானடி!”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“முதல் பாதி இங்க, ரெண்டாவது அங்கன்னா யுனிவர்சிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டும் ஒரே காலேஜ்லதான் முடிக்கணும். போய்க் கேட்டுப் பாரு,” என்றேன்.

“பொறாமைல உளறாத. போ.”

போடி என்று வந்துவிட்டேன். பாடத்தை முடிக்காததால் அந்த வருடம் எனக்கு இடமில்லை. தோப்பு ஷெட்டில் பாதாம் பொறுக்கப் போனேன். ஜூனில் அவளையும் பல்கலைக்கழகம் தள்ளிவிட்டது. நான் சொன்ன அதே காரணம். கேள்விப்பட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் அதுவும் கசந்துவிட்டது.

நவம்பரில் ஷெட் வாசலில் வந்து நின்றாள், இளைத்துப்போய்.

“உனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே. ஏன்டி என்னைய பிடிச்சு நிறுத்தல?”

அடிப்பாவி! கையை ஓங்கிவிட்டேன்.

“ஜனவரி வகுப்புக்கு எத்தன பேரு சேந்திருக்கீங்க?” என்றாள், நகராமல்.

ஓங்கிய கை இறங்கியது. அவளை விட்டால் ஊரில் நான் கேட்காத ஆள் பாக்கியில்லை.

“ஒன்பது,” என்றேன். “உள்ள வந்து உக்காரு.”