நான்காவது கால்

நீலாவதி வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து டார்ச்சை அடித்தபோது முதலில் கண்ணில் பட்டது குங்குமம்தான். எண்ணெயும் சேறும் அப்பிய இரும்புக்கு நடுவே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு, அதன் உச்சியில் ஒரு பொட்டு. போன வருஷத்துப் பொட்டாக இருக்க வேண்டும், காய்ந்து கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. ஏணி வண்டியின் இடது முன்காலில் இருந்த சுவிட்சின் நாக்கை அழுத்திக்கொண்டு, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஹூக்ளி ஆற்றை ஒட்டிய அந்த எண்ணெய்க் கிடங்குக்குச் சொந்தமாக ஒரு தீயணைப்புப் படையும், தொண்ணூறு அடி உயரம் எழும்பும் ஏணி வண்டி ஒன்றும் இருந்தன. ஏணி மேலே போவதற்கு முன் வண்டியின் நான்கு இரும்புக் கால்களையும் பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்ற வேண்டும். ஒவ்வொரு காலும் முழுசாக நீண்டால்தான் அதனதன் சுவிட்ச் அழுந்தும். நான்கும் அழுந்தும்வரை சிவப்பு விளக்கு எரியும். ஏணி படுத்த இடத்தைவிட்டு அசையாது. அவசரத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று அந்த ஏணியைச் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கார்டன் ரீச் மனிதர்களை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மரத்துண்டைச் சுவிட்சில் செருகிவிட்டால் போதும். கால் நீளாவிட்டாலும் நீண்டுவிட்டதாக வண்டி நம்பிவிடும். படை ஆட்கள் அதற்கு ‘ஜாமாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வங்காளியில் மாப்பிள்ளை. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தே மரியாதை வாங்கிக்கொள்பவர் என்பதால் அந்தப் பெயர். விஸ்வகர்மா பூஜைக்குக் கோடரி, குழாய், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது ஜாமாய்க்கும் ஒன்று வைத்துவிடுவார்கள்.

நீலாவதிக்கு முப்பத்தோரு வயது. நெய்வேலிக்காரி. பாதுகாப்பு அதிகாரியாக இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. பெஹாலாவில் ஒற்றை அறை வாடகை வீடு, பாதி வெந்த வங்காளிப் பேச்சு, அதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்களை ஹெல்மெட் போட வைப்பதே அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது. இப்போது இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பர், சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பூஜை. அதற்குள் ஏணியின் வருடாந்திரச் சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

பூஜையன்று ஏணியைச் சாமிக்கு எதிரே முழு உயரத்துக்கு எழுப்பி, நுனிக் கூண்டில் இரண்டு பேர் போய் உச்சியில் செண்டுமல்லி மாலை கட்டுவது அங்கே வழக்கம். ஆற்றங்கரை முழுக்கப் பட்டம் பறக்கும் நாள் அது. பட்டங்களுக்கு மேலே மாலை தெரியவேண்டும் என்பது படையின் கௌரவம். இந்த வருஷம் மேலாளர் வெங்கடராமனே மேலே போகிறார். கூடவே தலைமை அலுவலகத்துப் போட்டோக்காரர். மாலை கட்டுகிற ஆளோடு சேர்த்து, இரண்டு பேருக்கான கூண்டில் மூன்று பேர். பூஜைப் பந்தலை எங்கே போட்டிருந்தார்கள் என்றால், இடது முன்கால் நீளவேண்டிய அதே இடத்தில். ஜாமாய் இருக்கிற தைரியம்தான்.

மரத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த நீலாவதி அதை பிரிட்டோவிடம் நீட்டினாள். தூத்துக்குடிக்காரர், ஏணியை இயக்குபவர், ஐம்பதைத் தொடப்போகிறார், ஊரே பிரிட்டோதா, அதாவது பிரிட்டோ அண்ணா என்று கூப்பிடும். அவர் அதைக் கோபமில்லாமல் வாங்கித் துடைத்தார். செதுக்கியதே அவர்தானாம். தொண்ணூற்றாறில் ஒரு மதியம் பக்கத்துச் சந்தில் மாடிவீடு பற்றிக்கொண்டது. மாநகர வண்டி வரத் தாமதம், இவர்களைக் கூப்பிட்டார்கள். சந்தில் கால் நீட்ட இடமில்லை, சிவப்பு விளக்கு அணையவில்லை, மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு பெண், இரண்டு குழந்தைகள், ஒரு கிழவர். கையில் கிடைத்த பெட்டிப் பலகையைச் செதுக்கிச் செருகிவிட்டு, இவரே கூண்டில் ஏறிப் போய் நால்வரையும் ஒரே தடவையில் இறக்கினார். இதை அவர் பலமுறை சொல்லியிருக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார்.

“இந்தக் கட்டை இல்லன்னா நாலு பேரும் கரிக்கட்டதான் மேடம். ரூலு புஸ்தகத்துல அந்தச் சந்து இருக்கா, சொல்லுங்க பாப்போம்.”

இல்லை என்று ஒப்புக்கொண்டாள் அவள். இருந்தாலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

வெங்கடராமன் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் காபி வரவழைத்தார். நல்ல மனிதர். அவள் வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். ஆறு வருஷமாக நடக்கிற பூஜை, ஒரு ஆணி கழன்றதில்லை, பையன்கள் ஆசையாகச் செய்கிறார்கள், பூஜை முடிந்ததும் கட்டையைத் தூக்கி ஹூக்ளியில் போட்டுவிடலாம் என்று இதமாக எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டாமல் இருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதாம்மா இருக்கு. அதுக்காகச் சொல்றேன்னு நினைச்சுக்காதே.”

அதற்காகத்தான் சொல்கிறார் என்பது காபிக்குக்கூடத் தெரிந்திருக்கும். பெஹாலா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் நெய்வேலியில் அண்ணன் வாசலிலேயே நின்று, நான் அப்பவே சொன்னேன் என்பான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதற்காகவே அவள் எதையும் தாங்கிக்கொள்வாள். ஆனால் கண்ணை மூடினால் தொண்ணூறு அடி உயரத்தில் வெங்கடராமன் மாலையோடு நின்று போட்டோவுக்குச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சான்றிதழுக்கு முன் பாரச் சோதனை செய்யவேண்டும் என்று விதி இருக்கிறது, செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பந்தலிலிருந்து தள்ளி, திறந்த முற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஆளுக்கு ஒன்றாக, மூன்று ஆள் எடைக்கு மூன்று மணல் மூட்டைகளைக் கூண்டில் ஏற்றி, ஏணியை இடதுபக்கம் திருப்பி நீட்டி, கூண்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கும்படி நிறுத்த வைத்தாள். சாய்ந்தாலும் அந்த ஒரு முழம்தான் விழும். மற்றவர்களைத் தள்ளி நிற்க வைத்தாள். கால்களை ஊன்றுவதற்கு முன்பே வலதுபக்கக் கால் ஒன்றின் தட்டுக்கு அடியில் ஒரு வங்காளிச் செய்தித்தாளை வைத்திருந்தாள்.

“நீங்களே இழுங்க, பிரிட்டோதா.”

நான்கு கால்களும் முழுசாக நீண்டிருந்தன. பிரிட்டோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளின் நுனியைப் பிடித்து இழுத்தார். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. வண்டியின் கனம் அதன்மேல் இருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

பிறகு ஏணியை மடக்கி, பந்தல் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்குமோ அந்த அளவுக்கு மட்டும் இடது முன்காலை நீட்ட வைத்தாள். சுவிட்சில் ஜாமாயைச் செருகினார்கள். சிவப்பு விளக்கு சமர்த்தாக அணைந்தது. புதுத்தாள், அதே மூட்டைகள், அதே உயரம். பிரிட்டோ இழுத்தார். தாள் மேஜையிலிருந்து எடுப்பது போலக் கையோடு வந்துவிட்டது. தரையைத் தொட்டுக்கொண்டு மட்டும்தான் நின்றிருந்தது அந்த வலதுபக்கக் கால். வண்டியின் கனம் அதன்மேல் துளிகூட இல்லை.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எழுந்து போய்க் கூண்டைப் பார்த்தார், இடதுகாலைப் பார்த்தார். இன்னும் இரண்டு மூட்டை வைக்கச் சொன்னார். நீலாவதி எதற்கு என்று கேட்டாள்.

“அன்னிக்குக் கூண்டுல என்னையும் சேத்து அஞ்சு பேரு.”

ஏணியை இறக்கி நான்காவது மூட்டையை வைத்து மறுபடி தூக்கினார்கள். வலதுபக்கக் கால் தரையைவிட்டுப் பிரிந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றது. ஐந்தாவதை வைத்துவிட்டு எல்லோரும் விலகினார்கள். கூண்டு எழும்பவே இல்லை. வண்டி வலதுபக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு முனகியது. பிரிட்டோவுக்குப் பதிலாக ஏணியை இயக்கிக்கொண்டிருந்த தபன் கைப்பிடியை விட்டுவிட்டான்.

ஆட்கள் கலைந்து போனபிறகும் பிரிட்டோ அங்கேயே உட்கார்ந்திருந்தார். நீலாவதி பக்கத்தில் போய் நின்றாள். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பாவமாக இருந்தது.

“நாலு பேர எறக்குனேன் நாலு பேர எறக்குனேன்னு ஆறு வருசமாச் சொல்லிட்டுத் திரியுதேன் மேடம். அது நான் எறக்கல.”

சந்தில் அன்று ஏணி எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்ததாம். சுவர்தான் பிடித்திருக்கிறது. அதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறார்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. வானம் கொள்ளாமல் பட்டம். சாமி பந்தலில் ஏறியாயிற்று, பூசாரி வந்தாயிற்று, இனி பந்தலை நகர்த்த முடியாது. வண்டியைச் சாமிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வெங்கடராமன் பட்டு ஜிப்பாவில், கை நிறைய மாலையோடு கூண்டுக்கு அருகில் நின்றார். பிரிட்டோ இயக்குமிடத்தில் ஏறி வண்டியின் கால்களை நீட்டினார். நான்காவது கால் பந்தல் மூங்கிலில் இடித்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. முதலில் சிரித்தார்கள், பிறகு குசுகுசுத்தார்கள்.

“என்னப்பா, அந்தக் கட்டையப் போடேன்,” என்றார் வெங்கடராமன்.

“கட்டை என் பையிலதான் இருக்கு சார். போட மாட்டேன்.”

வெங்கடராமன் கூட்டத்தில் நீலாவதியைத் தேடிக் கண்டுபிடித்தார். இது அவள் வேலையா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. கடைசியில் மாலையைப் படுத்திருந்த ஏணியின் மூக்கிலேயே, இடுப்பு உயரத்தில் கட்டினார்கள். போட்டோக்காரர் குனிந்து எடுத்தார். வியாழக்கிழமை அவள் கோப்பு, தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவள் அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு மாதம் இருந்தால் செய்ய வேலை இருந்தது.

வேலையைச் சொன்னவர் பிரிட்டோ. சரி மேடம், கட்டை கிடையாது, நாளைக்கே அந்தச் சந்தில் தீப்பிடித்தால் என்ன செய்ய என்று நேராகக் கேட்டுவிட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியாது, ஞாயிற்றுக்கிழமை போய் அளப்போம் என்றாள் அவள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சந்து முழித்துக் குளித்து டீ குடித்துக்கொண்டிருந்தது. பிரிட்டோ ஒருபக்கமும் நீலாவதி மறுபக்கமுமாக டேப்பைப் பிடித்து, சுவருக்குச் சுவர், மூன்று இடத்தில் அளந்தார்கள். அன்று தீப்பிடித்த வீட்டுக்கு நேர் கீழே வந்தபோது, கால் நீளத் தேவையான இடத்தில் பதினோரு அங்குலம் குறைந்தது. மறுபடி அளந்தார்கள். அதே பதினொன்று. எதிர்வீட்டு வாசலை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு அங்குலம். அது இல்லாவிட்டால் கால் நீண்டுவிடும்.

கல்கத்தாவில் வாசல் மேடை என்றால் சாதாரணமில்லை. அதற்கு ரோக் என்று பேர். பேட்டையின் ஆண்கள் காலையும் மாலையும் அதில் உட்கார்ந்துதான் உலகத்தை நடத்துகிறார்கள். அன்றும் ஐந்து பேர் உட்கார்ந்து, மண் குவளையில் டீயை வைத்துக்கொண்டு கால்பந்தாட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டோவுக்கு ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இவர்களிடம் சொத்தை எழுதி வாங்கிவிடலாம், இதை மட்டும் முடியாது என்றார்.

அப்போது மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஈரப்புடவையும் கையுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்து, பிரிட்டோதா, டீ குடிக்காமல் போகக்கூடாது என்று கத்தினாள். அந்த மதியம் குழந்தைகளோடு கூண்டில் ஏறியவள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூப்பிடுவாளாம். பிரிட்டோ தலையைத் தூக்கவில்லை. டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

நீலாவதி பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். மேடைக்குப் போய், கொஞ்சம் காலைத் தூக்குங்கள் என்று தனக்குத் தெரிந்த வங்காளியில் சொல்லிவிட்டு, சுவரோரத்தில் மூன்று அங்குலம் மட்டும் விட்டு, சிமெண்டின் மேல் நீளமாகக் கோடு கிழித்தாள். என்ன இது என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். சொல்ல அவளிடம் மொழி போதவில்லை, பிரிட்டோவைப் பார்த்தாள்.

அவர் சொன்னார். வங்காளியில், நிதானமாக, மேலே ஜன்னல்வரை கேட்கும் குரலில் சொன்னார். அன்று ஏணியைத் தாங்கியது வண்டி இல்லை, இந்தச் சுவர், அதுவும் தற்செயலாக. கூண்டு கவிழ்ந்திருந்தால் நால்வரும் நானும் இந்த மேடைமேல்தான் விழுந்திருப்போம். இன்னொரு முறை அப்படி ஏற்ற மாட்டேன். கால் ஊன்ற இடம் வேண்டும், பதினோரு அங்குலம். பேசி முடித்துவிட்டுத்தான் மேலே பார்த்தார். அந்தப் பெண் புடவையைப் பிழிய மறந்து நின்றிருந்தாள், தண்ணீர் ஜன்னல் விளிம்பிலிருந்து சந்தில் சொட்டியது.

நான்கு பேர் எழுந்துவிட்டார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் சந்தில் நின்றார்கள். ஐந்தாமவர், நரைத்த மீசைக்காரர், எழுந்திருக்கவில்லை. கோடு அவர் தொடைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். நீலாவதி சாக்கட்டி அப்பிய கையோடு அவர் எதிரிலேயே நின்றாள், பதில் வாங்காமல் போவதாக இல்லை. அவர் தன் டீக் குவளையை எடுத்தார், குடிக்கவில்லை, அதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக அவள் விட்டிருந்த மூன்று அங்குலத்தில் நகர்த்தி வைத்தார்.