பாசி மாத்திரையும் கேழ்வரகு மாவும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கும்மிடிப்பூண்டி ரயிலில் முன்சீட்டுக்காரர், பெண்டாட்டி விழுங்கிய மாத்திரைமேல் தனக்கு வந்த பொறாமையைக் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் பொன்னேரியில் இறங்கிவிட்டார். அவருக்கு அன்பு என்று பெயர் வைத்தேன். மீதி என் தலையில் விழுந்தது.

முதல் வரி இப்படி வந்தது: 'கடல்பாசிச் சாற்றுக்கு நீரிழிவையும் உடல்பருமனையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள்...'

(வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.)

2

2007. ஆரம்பாக்கத்து அன்பு, சிப்காட் தொழிற்பேட்டையில் பாசிச் சாறு எடுக்கும் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். ராமநாதபுரத்திலிருந்து லாரியில் வரும் காய்ந்த பாசி அவன் கொடுக்கும் நீராவியில்தான் வெந்தது. அந்தச் சாற்றுத் தூள் சர்க்கரைக்கும் உடம்பு இளைக்கவும் உதவுமா என்று சோதிக்கக் கம்பெனி ஆள் சேர்த்தது. அன்புவின் மனைவி கிறிஸ்டினாவும் பெயர் கொடுத்தாள். அவளுக்கு டாக்டர் எழுதிய சர்க்கரை நோய் மாத்திரையோடு கூடவே இந்தக் கேப்சூலையும் போட வேண்டும். வாரம் ஒருமுறை லேப்காரர் தாவீது எடை பார்த்து, ரத்தம் எடுத்து, நாலு கேள்வி கேட்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் கிறிஸ்டினாவின் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

3

தாவீதை முதலில் அழகனாக எழுதினேன். சுருட்டை முடி, வெள்ளைக் கோட்டு, மெல்லிய... அடித்துவிட்டேன். அழகன்மேல் யாரும் பொறாமைப்படலாம். வழுக்கை விழுந்த, மூக்குறிஞ்சும் ஒருவர்மேல் பொறாமைப்படுவதற்குத்தான் ஒரு அன்பு தேவைப்படுகிறான்.

சாப்பிடும்போது கிறிஸ்டினா சொன்னாள்: "தாவீது சாரு, கால் எரியுதாம்மானு கேட்டாரு. எரியுதுதான். உனுக்குத் தெரியுமா?"

அன்புவுக்குத் தெரியாது. பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினான்.

4

அவள் சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அன்பு கேப்சூல் டப்பாவைத் திறந்தான். ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த தூளைச் சாக்கடையில் கொட்டி, கேழ்வரகு மாவை அடைத்து மூடினான். அவள் திரும்ப ஊதட்டும். தாவீது முகம் சுளிக்கட்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

(அவனை இங்கே கொஞ்சம் நல்லவனாக்கப் பார்த்தேன். பாதியில் கை நடுங்கியது என்று ஒரு வரி. பொய். கை நடுங்கவில்லை.)

ஆனால் அவள் ஊதவில்லை. இன்னும் இளைத்தாள்.

5

சோதனை முடிந்த அன்று கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"பாதிப் பேருக்குத்தான் பாசியாம். மீதிப் பேருக்குக் கலர் போட்ட சோள மாவாம், வித்தியாசம் பாக்கறதுக்கு. எனுக்கு மொதல்லேர்ந்தே மாவுதான் குட்துகினு இருந்துருக்காங்கபா."

மாவை எடுத்துவிட்டு மாவை வைத்திருக்கிறான். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பாசி அவளை இளைக்கவைக்கவில்லை என்றால், வேறு எது? நடந்தாள், சரி. எதற்கு நடந்தாள்? வாரம் ஒருமுறை ஒருவர் கேட்பார், அவருக்கு நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்றுதானே? அதுவரை பாதி தூளின்மேல் இருந்த பொறாமை, இப்போது முழுசாக ஆள்மேலேயே போய் உட்கார்ந்தது. சாக்கடையில் கொட்ட முடியாத பொறாமை.

"அடுத்த பேட்ச்ல நெஜமான பாசியே குடுப்பாங்களாம். சேரட்டா?" என்றாள்.

6

முடிவு ஒன்று: அன்பு எல்லாவற்றையும் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். (நம்பவில்லை.)

முடிவு இரண்டு: சேரக் கூடாது என்கிறான். அவள் சேர்கிறாள். (நம்புகிறேன். எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: அன்பு அவளைப் பார்த்து...

இதற்குமேல் எனக்கு வரவில்லை. கிறிஸ்டினா வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பதிலுக்கு நிற்கிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று மூன்று பிரதி எழுதியும் எனக்குத் தெரியவில்லை. தாவீதாக இருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பார். எனக்கும் அந்த ஆள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. அன்பு வாயைத் திறந்துவிட்டான். முதல் சொல்லை நீங்களே போடுங்கள்.